முப்பது வருசத்துக்கு முந்தைய தூசு: கல்நார் நோயும் இழப்பீடும், வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், உண்டாக்கும் புற்றுநோய் பற்றிய குறிப்பு வந்ததும் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கமிருந்து நிறையக் கடிதங்கள். பாதிப் பேர் நோயைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், மீதிப் பேர் இழப்பீட்டைப் பற்றி. இரண்டும் ஒரே இடத்தில்தான் முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன: என்ன வேலை செய்தார் என்பது ஆஸ்பத்திரிக் காகிதத்தில் ஏறியிருக்கிறதா, இல்லையா. நுரையீரல் மருத்துவர் ஒருவரும் தொழிலாளர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் ஒருவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

எங்கப்பாவுக்கு வயது 61. சிமென்ட் ஷீட் தயாரிக்கிற ஆலையில் 22 வருசம் சாக்கு பிரித்துக் கொட்டுகிற வேலை. 2009இல் நின்றுவிட்டார். போன வருசம் நெஞ்சில் நீர் கோத்தது. காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். இப்போது மறுபடியும் நீர், வலது விலாவில் ஓயாத வலி. இது புற்றுநோயாக இருக்குமா?
– வாசகி, பல்லடம்

இருக்கலாம் அம்மா. உடனே பார்க்க வேண்டும். நம் ஊரில் நெஞ்சில் நீர் என்றாலே முதலில் காசநோயைத்தான் நினைப்பார்கள். காசநோய் அவ்வளவு பரவலாக இருப்பதால் அதில் தப்பில்லை. மாத்திரையை முழுசாக முடித்த பிறகும் அதே பக்கம் நீர் சேர்ந்தால், வலியும் விடாமல் இருந்தால், எடையும் இறங்கினால், அங்கே நின்று வேறு காரணம் தேடியாக வேண்டும்.

கல்நார் நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் உண்டாக்கும் புற்றுநோய்க்கு மீசோதீலியோமா என்று பெயர். தூசைச் சுவாசித்த காலத்துக்கும் நோய் தலைகாட்டுவதற்கும் இடையே பெரும்பாலும் 20 முதல் 40 வருசம் ஓடிவிடும். அதனால்தான் "வேலையை விட்டே இத்தனை வருசம் ஆச்சே" என்று வீட்டாரும் மருத்துவரும் அந்தப் பக்கம் யோசிப்பதில்லை.

ஊசி போட்டு எடுத்த நீரை மட்டும் சோதித்துவிட்டு "புற்றணு இல்லை" என்றால் அதோடு நிம்மதி அடைந்துவிட வேண்டாம். மீசோதீலியோமாவில் நீர்ச் சோதனை பல சமயம் ஒன்றும் காட்டாது. நீரில் ஏடிஏ என்கிற நொதியின் அளவு 40க்கு மேல் இருந்தால் காசநோய்ப் பக்கம் சாயும், ஆனால் அதுவே முடிவான தீர்ப்பு ஆகாது. செய்ய வேண்டியது மார்பு சி.டி. ஸ்கேன். அதற்குப் பின் தோராகோஸ்கோபி. விலா எலும்புகளுக்கு நடுவே சின்ன துளை போட்டுக் கேமராக் குழாயை விட்டு, உறையைக் கண்ணால் பார்த்து, தடித்த இடங்களிலிருந்து சதை எடுப்பார்கள். அந்தச் சதைக்கு இம்யூனோ ஹிஸ்டோகெமிஸ்ட்ரி என்கிற சாயச் சோதனையும் வேண்டும். கால்ரெட்டினின், டபிள்யூ.டி-1 போன்ற புரத அடையாளங்கள் தெரிகின்றனவா, டி.டி.எஃப்-1, சி.இ.ஏ. போன்றவை தெரியவில்லையா என்பதை வைத்துத்தான் இது மீசோதீலியோமாவா, நுரையீரலின் சாதாரணப் புற்றுநோயா என்று பிரிக்க முடியும். இரண்டும் கல்நாரால் வரக்கூடியவை, இரண்டும் இழப்பீட்டுப் பட்டியலில் இருப்பவை. அதனால் பெயர் சரியாக எழுதப்பட வேண்டும்.

அறிக்கை வந்ததும் பயாப்சியின் மெழுகுக் கட்டியும் (எடுத்த சதையைப் பதித்து வைத்தது) ஸ்லைடும் எந்த ஆய்வகத்தில், எந்த எண்ணில் இருக்கின்றன என்று குறித்து வையுங்கள். நாளைக்கு எதிர்த்தரப்பு நோயையே மறுத்தால் அந்தக் கட்டியைத்தான் இன்னொரு நிபுணர் பார்ப்பார்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை போகும்போது கேஸ் ஷீட்டில் "கல்நார் சிமென்ட் ஆலையில் இந்த வருசம் முதல் இந்த வருசம் வரை, சாக்கு பிரிக்கும் பிரிவில் வேலை" என்று எழுதச் சொல்லுங்கள். வெறும் "கூலி" என்று எழுதிய ஷீட் பின்னால் எதற்கும் உதவாது. டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அது ஏற வேண்டும். கேட்டால் எழுதித் தருவார்கள், ஆனால் கேட்டால்தான்.

பீடி பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். மீசோதீலியோமாவுக்கும் புகைக்கும் தொடர்பில்லை. ஆனால் கல்நார் தூசு போன நெஞ்சில் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு ஏறும்.

கணவருக்கு மீசோதீலியோமா என்று உறுதியாகிவிட்டது. ஆலையில் இருந்தவரை மாதாமாதம் இ.எஸ்.ஐ. பிடித்தார்கள். இப்போது அந்த ஆலையே இல்லை. யாரிடம் போய்க் கேட்பது?
– வாசகி, சூலூர்

இ.எஸ்.ஐ. பிடித்திருந்தால் ஆலை மூடியது உங்களைத் தடுக்காது. பணம் தர வேண்டியது முதலாளி அல்ல, இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகம். பலர் இது தெரியாமல் மூடிப்போன கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதீலியோமாவும் இ.எஸ்.ஐ. சட்டத்தின் தொழில்நோய் அட்டவணையில், இரண்டாம் பகுதியில் உள்ளன. கல்நார் நுரையீரலைத் தடிக்கச் செய்யும் ஆஸ்பெஸ்டோசிஸ் மூன்றாம் பகுதியில். இரண்டாம் பகுதி நோய் என்றால், அந்தத் தூசுள்ள வேலையில் ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதம் இருந்திருந்தாலே நோய் வேலையால் வந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் வேலை.

முதல் படி, பழைய இ.எஸ்.ஐ. எண்ணோடு கிளை அலுவலகத்தில் எழுத்துமூலம் மனுக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கூடவே சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலோ உங்கள் டிஸ்பென்சரியிலோ "தொழில்நோய்க்கான சிறப்பு மருத்துவக் குழுவுக்கு அனுப்புக" என்று பரிந்துரை கேளுங்கள். சென்னை கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் தொழில்நோய் மையம் இருக்கிறது. உழைக்கும் திறனில் எத்தனை விழுக்காடு போயிற்று என்று அந்தக் குழு எழுதுவதுதான் மாதப் பணத்தை முடிவு செய்யும். முழு ஊனம் என்றால் சராசரிக் கூலியில் 90 விழுக்காடு, ஆயுள் முழுக்க. அவர் இறந்துவிட்டால் சார்ந்தோர் உதவி. முழு விகிதத்தில், அதாவது அந்த 90 விழுக்காட்டில், மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைக்கு ஐந்தில் இரண்டு பங்கு. மொத்தம் முழு விகிதத்தைத் தாண்டாதபடி அது பிரியும். குழுவின் விழுக்காடு குறைவு என்று பட்டால் மூன்று மாதத்துக்குள் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் இருந்தவர் அதே நோய்க்குத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படியோ சிவில் கோர்ட்டிலோ முதலாளி மேல் பணம் கேட்க முடியாது. இ.எஸ்.ஐ. சட்டத்தின் 53ஆம் பிரிவு அதைத் தடுத்திருக்கிறது, உச்ச நீதிமன்றமும் 1997இல் அதை உறுதி செய்துவிட்டது. தெரியாமல் அங்கே வழக்குப் போட்டு மூன்று, நான்கு வருசம் அலைந்தால், தள்ளுபடி ஆன பிறகு இ.எஸ்.ஐ.க்கு வரும்போது நோயாளி இருக்க மாட்டார். இது கடுமையான பேச்சாகத் தோன்றலாம். ஆனால் மீசோதீலியோமா கண்டுபிடிக்கப்பட்ட பிறகு பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கும் காலம் மாதக் கணக்கில்தான். எந்தக் கதவைத் தட்டுவது என்பதை முதல் வாரத்திலேயே சரியாக முடிவு செய்ய வேண்டும்.

ஆலை நிர்வாகம் எங்காவது இயங்கினால் இன்னொரு கடிதமும் அனுப்புங்கள். 1995 ஜனவரி 27இல் உச்ச நீதிமன்றம், நுகர்வோர் கல்வி ஆய்வு மையம் தொடுத்த வழக்கில், கல்நார் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 40 வருசம், அல்லது வேலையை விட்டபின் 15 வருசம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதைச் சுட்டிக்காட்டி எக்ஸ்ரே, நுரையீரல் திறன் சோதனைப் பதிவுகளின் நகலைக் கேளுங்கள். விரைவுத் தபாலில், சேர்ப்புச் சான்றோடு. "பதிவேடு இல்லை" என்று பதில் வந்தாலும் அதைக் கிழித்துப் போடாதீர்கள். பாதுகாக்க வேண்டியதைப் பாதுகாக்கவில்லை என்று அவர்களே எழுதிக் கொடுத்த சாட்சி அது.

2025 நவம்பர் 21 முதல் பழைய இ.எஸ்.ஐ. சட்டம், இழப்பீட்டுச் சட்டம் ஆகியவற்றின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. நோய் எந்தத் தேதியில் உறுதியானது என்பதைப் பொறுத்து மனுவின் தலைப்பில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்பது மாறும். அதை மட்டும் வழக்கறிஞரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சாயப்பட்டறை பாய்லர்களுக்கு லேகிங், அதாவது சூடு வெளியேறாமல் காக்கும் உறை, சுற்றுகிற வேலை. கல்நார்க் கயிறு, துணி, பூச்சு எல்லாம் வெறுங்கையில்தான். எப்பவும் ஒப்பந்தக்காரர் கீழேதான் இருந்தேன், சீட்டு இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. இப்போது வயது 55, மாதம் 18,000 வாங்கிக்கொண்டிருந்தேன். நுரையீரல் புற்றுநோய் என்று சொல்லி வேலையை நிறுத்திவிட்டார்கள். எனக்கு ஏதாவது கிடைக்குமா?
– வாசகர், பெருந்துறை

கிடைக்கும் ஐயா. இ.எஸ்.ஐ. இல்லாததால் உங்கள் வழி தொழிலாளர் இழப்பீடு. தொழிலாளர் துறை இணை ஆணையர் அல்லது துணை ஆணையர் அலுவலகத்தில் மனு. ஒப்பந்தக்காரர் கையை விரித்தாலும், யாருடைய பட்டறையில் வேலை நடந்ததோ அந்த முதன்மை முதலாளியையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம். அவர் உங்களுக்குக் கொடுத்துவிட்டு ஒப்பந்தக்காரரிடம் வசூல் செய்துகொள்ளட்டும் என்பதுதான் சட்டம். ஒப்பந்தக்காரரை மட்டும் எழுதி மனுப் போடுவது பலர் செய்யும் தப்பு. உத்தரவு வாங்கியும் வசூலிக்க ஆள் கிடைக்காது.

கணக்கு எப்படி என்றால், முழு நிரந்தர ஊனத்துக்கு மாதக் கூலியில் 60 விழுக்காட்டை, வயதுக்கான காரணி எண்ணால் பெருக்க வேண்டும். 2020 ஜனவரி 3ஆம் தேதி அறிவிப்புப்படி கூலியின் உச்சவரம்பு 15,000. நீங்கள் 18,000 வாங்கியிருந்தாலும் 15,000தான் எடுப்பார்கள். அதில் 60 விழுக்காடு 9,000. 55 வயதுக்கான காரணி 135.56. பெருக்கினால் 12,20,040 ரூபாய். மருத்துவர் உழைப்புத் திறன் இழப்பை 60 விழுக்காடு என்று மட்டும் எழுதினால் அதுவே 7,32,024 ஆகிவிடும். அந்தச் சான்றிதழின் ஒரு வரிக்கு ஐந்து லட்சம் விலை. நடந்தால் மூச்சு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, எந்த எடையைத் தூக்க முடியவில்லை, ஏணி ஏற முடிகிறதா என்பதை எல்லாம் மருத்துவரிடம் விவரமாகச் சொல்லி, நுரையீரல் திறன் சோதனை அறிக்கையோடு எழுதி வாங்குங்கள்.

ஒரு மாதத்துக்குள் கொடுக்காமல் இழுத்தடித்தால் 12 விழுக்காடு வட்டி, சரியான காரணம் இல்லாவிட்டால் தொகையில் பாதி வரை அபராதம். இரண்டையும் மனுவிலேயே கேட்டுவிடுங்கள், தானாக வரும் என்று இருந்துவிட வேண்டாம். பழைய சட்டத்தின் காலக்கெடு இரண்டு வருசம். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மன்னிக்கும் அதிகாரம் உண்டு. அதை நம்பி உட்கார வேண்டாம்.

சீட்டு இல்லாதது பெரிய குறைதான், வழக்கைக் கொல்லும் குறை அல்ல. கூட வேலை செய்த இருவர், மூவரின் பிரமாண வாக்குமூலம் வேண்டும். எந்தப் பட்டறை, எந்த வருசம், பாய்லர் எங்கே இருந்தது, கயிற்றை எப்படி வெட்டினீர்கள், பழைய லேகிங்கைக் காய்ந்தபடியே சுரண்டினீர்களா, நனைத்தா என்கிற அளவுக்கு விவரம் இருந்தால் அது நிற்கும். "அவரும் எங்ககூட வேலை செஞ்சாருங்க" என்ற ஒற்றை வரி நிற்காது. சம்பளம் வங்கியில் ஏறியிருந்தால் பாஸ்புக், ஒப்பந்தக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, கேட்டில் கொடுத்த பாஸ், வேலை இடத்தில் எடுத்த போட்டோ எல்லாம் சாட்சி. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட்டுக் கட்டண வில்லை ஒட்டி, அந்த ஆலையின் உரிமம், ஆய்வு அறிக்கை பற்றிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். தொழிலாளிக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டக் கோர்ட்டு வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். சிகிச்சைக்கு, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையை உடனே வாங்குங்கள்.

ஷீட் ஆலையில் வேலை செய்தது மாமனார். அவர் துணிகளை இருபது வருசம் உதறித் துவைத்தது மாமியார். நோய் வந்திருப்பது மாமியாருக்கு. சட்டம் என்ன சொல்கிறது?
– வாசகி, உடுமலைப்பேட்டை

வேலைத் துணியில் ஒட்டிவந்த இழையால் வீட்டுப் பெண்களுக்கு மீசோதீலியோமா வருவது மருத்துவத்தில் நன்கு தெரிந்த உண்மை. ஆனால் உங்கள் மாமியார் அந்த ஆலையின் தொழிலாளி அல்லர் என்பதால் இ.எஸ்.ஐ.யோ தொழிலாளர் இழப்பீடோ அவருக்கு இல்லை. இது சட்டத்தின் பெரிய ஓட்டை என்பதே எங்கள் எண்ணம். மீதியிருப்பது ஆலையின் கவனக்குறைவுக்காகச் சிவில் வழக்கு. அதற்கும் பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உண்டு. மாமனாரின் வேலைச் சான்றுகள், துணியை ஆலையிலேயே மாற்ற அறை இருந்ததா, துவைக்க வசதி இருந்ததா என்பதற்கான சாட்சி, இவை இரண்டும்தான் அந்த வழக்கின் உயிர். மாமனாருக்கும் தவறாமல் ஒரு மார்பு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

லாரிப் பட்டறையில் பிரேக் லைனிங் மாற்றுகிறேன். அதிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்கிறார்களே?
– வாசகர், நாமக்கல்

பழைய லைனிங்குகளில் கல்நார் உண்டு தம்பி. இப்போது அது இல்லாத லைனிங்குகளும் விற்கின்றன, பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து அதையே வாங்குங்கள். ஓடித் தேய்ந்த டிரம்மில் உள்ள கருந்தூசில், சூட்டில் பெரும்பகுதி இழை உருமாறிப் போயிருக்கும், ஆனாலும் மிச்சம் இருக்கும். அதைவிட மோசம் புது லைனிங்கில் ரிவெட்டுக்கு ஓட்டை போடுவதும், ஓரத்தைக் கிரைண்டரில் சரிப்பதும். அங்கே பறப்பது மாறாத இழை.

டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரசர் காற்றை அடிக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். ஒரே அடியில் பட்டறை முழுக்கப் பரவி, டீ கொண்டுவரும் பையன் வரை அந்தத் தூசைச் சுவாசிப்பான். தண்ணீரில் கொஞ்சம் சோப்புத் தூள் கலந்து, சின்ன தெளிப்பானால் நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பாலிதீன் பையில் கட்டிவிடுங்கள். வாயில் கட்டும் துண்டு எதையும் தடுக்காது. பி-100 வடிகட்டி உள்ள ரப்பர் முகமூடிதான் வேண்டும். வேலைச் சட்டையைப் பட்டறையிலேயே கழற்றுங்கள்.

தறிக்கூடத்துக்கு 30 வருசத்துக்கு முன் போட்ட சிமென்ட் ஷீட். அதன் கீழேயே இருக்கிறோம். உடனே பிரிக்கணுமா?
– வாசகர், சோமனூர்

உடையாமல், பொரியாமல் இருக்கும் ஷீட்டின் கீழே உட்கார்ந்திருப்பதை விட, அதை அவசரமாக அடித்துப் பிரிப்பதே ஆபத்து. ஷீட்டில் எடைக்குச் சுமார் 8 முதல் 10 விழுக்காடு கல்நார், மீதி சிமென்ட். இழை சிமென்ட்டுக்குள் பிடிபட்டிருக்கும் வரை பறக்காது. ஓட்டை போடும்போதும், அறுக்கும்போதும், உடைக்கும்போதும், மேல்பக்கப் பாசியைக் காய்ந்த கம்பிப் பிரஷ்ஷால் தேய்க்கும்போதும் பறக்கும்.

பிரிக்கத்தான் வேண்டும் என்றால் தறிகளை நிறுத்தி, பாவு நூலை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு, முதலில் ஷீட்டை இரு பக்கமும் நன்றாக நனையுங்கள். ஜே கொக்கியின் நட்டு துருப்பிடித்திருந்தால் ஷீட்டைப் பெயர்க்காமல் கொக்கியை வெட்டுங்கள். முழு ஷீட்டாகக் கயிற்றில் இறக்குங்கள், மேலிருந்து போடாதீர்கள். கெட்டிப் பாலிதீனில் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். உடைந்த துண்டுகளைக் கோழிப்பண்ணைப் பாதைக்கும் வண்டித் தடத்துக்கும் கொட்டுவது நம் பக்கம் பார்க்கிற காட்சி. டயர் ஏறி ஏறி அது மாவாகிவிடும். அதை மட்டும் செய்யாதீர்கள்.

அமெரிக்காவில் இதற்குக் கோடிக்கணக்கில் கிடைக்கிறதாமே. 5,000 ரூபாய் கட்டினால் பதிவு செய்து தருவதாகப் போனில் ஒருவர் சொல்கிறார்.
– வாசகர், அவிநாசி

கட்டாதீர்கள். அமெரிக்காவில் கல்நார் நிறுவனங்கள் பல திவாலாகி, நீதிமன்றம் மூலம் இழப்பீட்டு நிதிகள் அமைந்தது உண்மை. 1982இல் ஜான்ஸ்-மேன்வில் திவால் மனுப் போட்டதிலிருந்து அது தொடங்கியது. அந்த நிதிகள் அந்தந்த நிறுவனத்தின் பொருளால் பாதிக்கப்பட்டோருக்கானவை. இங்கே ஆலையில் வேலை செய்தவருக்குப் பொதுவாக அதில் இடமில்லை.

அப்பா இறந்து 14 மாதம் ஆகிறது. ஷீட் ஆலைத் தொழிலாளி, இ.எஸ்.ஐ. கிடையாது. பயாப்சியில் மீசோதீலியோமா என்று இருக்கிறது. வீட்டில் இறந்ததால் சான்றில் "இதயத் துடிப்பு நின்றது" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். அம்மாவுக்கு ஏதாவது கேட்க முடியுமா?
– வாசகர், கரூர்

முடியும். இரண்டு வருசக் கெடுவில் உங்களிடம் இன்னும் பத்து மாதம் இருக்கிறது என்று கணக்கு வைத்து வேலையைத் தொடங்குங்கள். இதயம் நிற்காமல் யாரும் இறப்பதில்லை, ஆகவே அந்த வரி காரணத்தைச் சொல்லவே இல்லை. வீட்டில் நடந்த மரணத்துக்கு மருத்துவர் தரும் காரணச் சான்று படிவம் 4ஏ, மருத்துவமனையில் என்றால் படிவம் 4. அப்பாவைக் கடைசியாகப் பார்த்த புற்றுநோய் மருத்துவரிடம் பயாப்சி அறிக்கையைக் காட்டி, "மீசோதீலியோமாவின் விளைவாக இறந்தார்" என்று அவருடைய கருத்தைத் தனிச் சான்றாக எழுதி வாங்குங்கள். மனுவோடு பயாப்சி, ஸ்கேன், கேஸ் ஷீட்டின் சான்றிட்ட நகல், வாரிசுச் சான்று, வேலைச் சான்று எல்லாம் சேர வேண்டும்.

இறப்புக்கான தொகை, கூலியில் 50 விழுக்காட்டைக் காரணியால் பெருக்கியது. அப்பாவுக்கு 60 வயதும், கணக்கில் எடுக்கும் கூலி 15,000மும் என்றால் 7,500ஐ 117.41ஆல் பெருக்கி 8,80,575 ரூபாய். அவர் வேலையை விட்டுப் பல வருசம் ஆகியிருந்தால் எந்த வருசத்துக் கூலி என்று எதிர்த்தரப்பு சண்டை போடும். அதற்குப் பதிலாக வைக்க, பி.எஃப். கணக்கின் முழுச் சேவை விவரத்தை இப்போதே எடுத்து வையுங்கள்.

அம்மாவுக்குச் சேர வேண்டிய பணம், இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் தொழிலாளர் துறை ஆணையரிடம் டெபாசிட் ஆக வேண்டும். ஆலைக்காரர் நேரில் வந்து ஒரு தொகையைக் கொடுத்து வெள்ளைத் தாளில் கையெழுத்துக் கேட்டால் அம்மா போட வேண்டாம். இறப்பு வழக்கில் முதலாளி நேராகக் கையில் கொடுக்கும் பணத்தை இழப்பீடாகச் சட்டம் ஏற்பதில்லை.